தாயின் மூளை, பிள்ளையின் மூளை: எவ்வளவு இசைந்தால் போதும்?

முன்பள்ளிப் பெற்றோர் கூட்டங்களிலும் வட்ஸ்அப்பில் கைமாறும் குரல் பதிவுகளிலும் ஒரு பேச்சு இப்போது அடிக்கடி கேட்கிறது: "கண்ணுக்குக் கண் பார்த்துப் பேசினால் தாயின் மூளையும் பிள்ளையின் மூளையும் ஒன்றாகிவிடும். ஒன்றாகாத பிள்ளை பின்தங்கிவிடும்." முதல் பாதிக்குப் பின்னால் உண்மையான ஆய்வுகள் இருக்கின்றன. இரண்டாம் பாதி அந்த ஆய்வுகளில் இல்லை. ஆனால் கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போகிற தாய்மாரின் மனதில் தங்குவது இரண்டாம் பாதிதான். களுவாஞ்சிக்குடியிலிருந்து விடியவே பஸ் ஏறி நகரத்துக்கு வேலைக்கு வருகிற தாய், காத்தான்குடியில் பிள்ளையைப் பக்கத்தில் கிடத்திக்கொண்டு தையல் மெஷின் மிதிக்கிற உம்மா, கைக்குழந்தையை அம்மம்மாவிடம் ஒப்படைத்துவிட்டுக் குவைத்துக்கோ கட்டாருக்கோ போன பெண், எல்லோர் தலையிலும் அது தீர்ப்பாக விழுகிறது. எதை அளந்தார்கள், எப்படி அளந்தார்கள், அந்த அளவை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று சொல்லாமல் முடிவை மட்டும் மேடையில் சொல்வது நியாயமில்லை.

தொப்பிக்குள் நடப்பது

இரண்டு பேரின் மூளையை ஒரே நேரத்தில், ஒரே கடிகாரத்தை வைத்துப் பதிவதுதான் இந்த ஆய்வுகளின் அடிப்படை. அமெரிக்காவில் ரீட் மொன்டேகு குழுவினர் 2002இல் இரண்டு எம்ஆர்ஐ இயந்திரங்களை இணைத்து இதைச் செய்து ஹைப்பர்ஸ்கேனிங் என்று பெயரிட்டார்கள். விழித்திருக்கும் குழந்தையை எம்ஆர்ஐ குழாய்க்குள் கிடத்தி விளையாடச் சொல்ல முடியாது. அதனால் பிள்ளைகளோடு செய்கிற ஆய்வுகளில் பெரும்பாலும் இரண்டு கருவிகளே பயன்படுகின்றன. ஒன்று ஈஈஜி. ஹான்ஸ் பெர்கர் 1924இல் முதன்முதலாக மனிதத் தலையில் பதிந்த அதே மூளை மின்பதிவு. மைக்ரோவோல்ட் அளவிலான மின்னழுத்த மாற்றங்களை மில்லி செக்கன் துல்லியத்தில் பிடிக்கும். மற்றது எஃப்நிர்ஸ். தொப்பியிலுள்ள சிறு விளக்குகள் அகச்சிவப்புக்கு அண்மித்த ஒளியை, வழக்கமாக 760, 850 நனோமீற்றருக்குக் கிட்டிய இரண்டு அலைநீளங்களில், மண்டையோட்டுக்குள் அனுப்பும். ஒட்சிசன் ஏறிய குருதியும் இறங்கிய குருதியும் அந்த ஒளியை வேறுவேறு அளவில் உறிஞ்சும். திரும்பி வரும் ஒளியை உணரி பிடிக்கும். விளக்குக்கும் உணரிக்கும் இடைவெளி வளர்ந்தவருக்கு 3 சென்ரிமீற்றர், கைக்குழந்தைக்கு 2 முதல் 2.5. அதற்குள் ஒளி எட்டிப்பார்ப்பது மூளையின் மேற்பரப்பை மட்டுமே. அன்பும் பயமும் பெரிதும் ஊறுகிற ஆழமான பகுதிகளை இந்தக் கருவியால் தொடவே முடியாது.

எஃப்நிர்ஸுக்கு இன்னொரு எல்லை நேரம். நரம்பு வேலை செய்த இடத்துக்குக் குருதி பெருகி உச்சத்துக்கு வர 5, 6 செக்கன் எடுக்கும். பிள்ளை "ஆ" என்றது, தாய் "என்ன மனே" என்றாள் என்ற ஒவ்வொரு மாற்றத்தையும் அது தனித்தனியாகக் காட்டாது. பல பத்துச் செக்கன்கள் நீளும் மெதுவான ஏற்ற இறக்கத்தைத்தான் காட்டும். "மூளை ஒத்திசைவு" என்று படிக்கும்போது எந்தக் கருவியால் அளந்தது என்று முதலில் பார்க்க வேண்டியது இதனால்தான். ஈஈஜியின் ஒத்திசைவும் எஃப்நிர்ஸின் ஒத்திசைவும் வேறு வேறு சங்கதிகள்.

பதிவை எடுத்தபின் தாயின் அலையும் பிள்ளையின் அலையும் எந்த அலைவரிசையில், எந்த நேரத்தில் சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்று கணக்கிடுவார்கள். அந்தச் சேர்க்கைதான் ஒத்திசைவு, அதாவது இசைவு. எஃப்நிர்ஸில் வழக்கமான கணக்கு வேவ்லெட் கோஹெரன்ஸ். விடை 0க்கும் 1க்கும் இடையில் வரும். அந்த எண்ணுக்குத் தனியே ஒரு பொருளும் கிடையாது. இரண்டு பேர் ஒரே அறையில் ஒரே பாட்டைக் கேட்டாலே அலைகள் ஓரளவு சேரும். பேசும்போது மூச்சு ஒழுங்குபடும், மூச்சு குருதியை அசைக்கும். குருதியழுத்தமே ஏறக்குறைய பத்துச் செக்கனுக்கு ஒருமுறை தானாக ஏறி இறங்கும். அது எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே வேகம். ஆகவே நேர்மையான ஆய்வு கட்டாயம் செய்ய வேண்டிய ஒரு படி உண்டு. இந்தத் தாயின் பதிவை ஒருபோதும் சந்திக்காத இன்னொரு பிள்ளையின் பதிவோடு சோடி சேர்த்து, நூற்றுக்கணக்கான பொய்ச்சோடிகளை உருவாக்கி, உண்மைச் சோடி அவற்றைவிட மேலே நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆய்வாளர் ஏட்ரியன் பர்ஜெஸ் 2013இலேயே இதைக் கடுமையாக எச்சரித்தார்: ஒரே சூழலில் இருப்பதால் மட்டும் வருகிற பொய் இணைப்பை, மூளைகளுக்கு இடையிலான இணைப்பு என்று எழுதிவிடுவது மிக எளிது. ஈஈஜியில் மேலும் ஒரு சிக்கல். மூளை மின்னலைகளில் ஒரு வகை அல்பா. வளர்ந்தவரின் அல்பா அலை செக்கனுக்கு 8 முதல் 13 தடவை. கைக்குழந்தையின் அல்பா 6 முதல் 9. ஒரே எண்ணுள்ள அலையை இருவரிலும் ஒப்பிட்டால், இருவரிலும் ஒரே வேலை செய்கிற அலையைத்தான் ஒப்பிடுகிறோமா என்ற கேள்வி நிற்கும்.

நம்மூர் வெக்கையில் இதைச் செய்தால்

வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ பல்கலைக்கழக அறையொன்றில் இதை நடத்தப் போகிறவர்கள் வெளிநாட்டுக் கட்டுரைகளின் செய்முறையை அப்படியே எடுத்தால் முதல் நாளே தடுமாறுவார்கள். முதல் தடை நெற்றிப் பொட்டு. கண்ணூறு படாமல் நம் குழந்தைகளுக்கு வைக்கும் பெரிய கறுத்தப் பொட்டு, முன்மூளையை அளக்கிற விளக்கு உட்காரும் அதே இடத்தில் இருக்கும். கறுப்பு மை ஒளியை விழுங்கிவிடும். அந்த வழியில் பதிவு செத்துப்போகும். "பொட்டை அழியுங்கள்" என்றால் எந்த அம்மம்மாவுக்கும் முகம் மாறும். ஈரத்துணியால் நெற்றியைத் துடைத்துவிட்டு, கன்னத்திலோ உள்ளங்காலிலோ வைக்கச் சொன்னால் இரண்டு காரியமும் நடக்கும்.

அடுத்தது முடி. அடர்ந்த கறுத்த முடியும் நிறம் கூடிய தோலும் ஒளியைக் கூடுதலாக உறிஞ்சும். ஒவ்வொரு உணரியின் கீழும் முடியை மெல்லிய குச்சியால் வகிர்ந்து, தலைத்தோல் தெரிந்தபின்தான் உணரியை இறக்க வேண்டும். தாய்க்கு இதற்கே நீண்ட நேரம் போகும். எனவே தாய்க்கு முதலில் போட்டு முடித்து, பிள்ளைக்குக் கடைசியாகப் போட வேண்டும். மாறிச் செய்தால் பதிவு தொடங்குமுன் பிள்ளை பொறுமையிழந்துவிடும். இது வெறும் சிரமம் மட்டும் இல்லை. பதிவு தெளிவில்லாதவர்களைக் கணக்கிலிருந்து நீக்குவது வழமை. கறுத்த அடர்முடி உள்ளவர்கள் அப்படிக் கூடுதலாக நீக்கப்பட்டால், மிஞ்சுகிற முடிவு வெளிறிய முடிக்காரரின் முடிவாகிவிடும். கேம்பிரிட்ஜ், வியன்னா, பிரின்ஸ்டன் ஆகியவற்றிலிருந்து வருகிற முடிவுகளை நம் பிள்ளைகளுக்குப் பொருத்தும்போது இதை நினைவில் வைக்க வேண்டும்.

ஈஈஜியென்றால் எண்ணெயும் வியர்வையும். தேங்காயெண்ணெய் பூசிய தலையில் மின்வாய்க்கும் தோலுக்கும் தொடுகை கிடைக்காது; முதல் நாள் இரவே எண்ணெய் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். சளி பிடிக்கும் என்று தலை முழுக வைக்கத் தயங்குகிற வீட்டில், இளஞ்சூட்டு நீரில் நனைத்த துணியால் துடைத்தாலே போதும். வியர்வையின் உப்பு பதிவை மெதுவாக மேலும் கீழும் இழுத்துக்கொண்டே போகும். பக்கத்துப் பக்கத்து மின்வாய்களின் ஜெல் வியர்வையோடு கலந்து ஒன்றானால் இரண்டும் ஒரே சமிக்ஞையைத்தான் காட்டும். சித்திரை, வைகாசி வெயிலில் ஏசி இல்லாமல் பதிவு எடுக்கவே கூடாது. மேலே சுழலும் ஃபேன் தொப்பியின் வயர்களை ஆட்டும், ஆட்டம் அலையாகப் பதியும். இலங்கையின் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். அந்த இரைச்சலை வடிக்கும் வடிகட்டியை 60இல் விட்டுவைத்தால் பயனில்லை. அமெரிக்கக் கருவியின் மென்பொருளில் இந்த ஓரிடத்தை மாற்ற மறப்பது எளிது.

பிள்ளை பிஸ்கட் சப்பினால் தாடைத் தசையின் மின்சாரம் மூளையின் மின்சாரத்தை மூடிவிடும். அழுதாலும் அதேதான். 2020இல் வெளியான பிரின்ஸ்டன் எஃப்நிர்ஸ் ஆய்வில் 42 குழந்தைகளோடு தொடங்கினார்கள். 21 பேர் நெளிந்துகொண்டே இருந்தார்கள், 3 பேர் தொப்பியைத் தலையில் வைக்கவே விடவில்லை. மிஞ்சியது 18. உலகம் முழுக்கப் பேசப்பட்ட முடிவு அந்த 18 குழந்தைகளிடமிருந்து வந்தது. துருதுருவென்று இருக்கிற பிள்ளைகளைப் பற்றி அது எவ்வளவு சொல்லும் என்று கேட்பது நியாயமான கேள்வி.

உண்மையில் கண்டது என்ன

இத்தனை தடைகளுக்குப் பிறகும் சில முடிவுகள் உறுதியாகத் தெரிகின்றன. அவை அழகான முடிவுகள். கேம்பிரிட்ஜில் விக்டோரியா லியோங் குழுவினர் 2017இல் ஏறக்குறைய எட்டு மாதக் குழந்தைகளுக்கு ஒரு பெண் குழந்தைப் பாட்டுப் பாடும்போது இருவரின் ஈஈஜியையும் பார்த்தார்கள். பாடுகிறவர் குழந்தையை நேரே பார்த்தபோது இசைவு கூடியது, பார்வையை விலக்கியபோது குறைந்தது. தலையைத் திருப்பிவைத்துக் கண்ணால் மட்டும் நேரே பார்த்தபோதும் இசைவு கூடியே இருந்தது. ஆகவே முகம் எந்தப் பக்கம் என்பதைவிடக் கண் எங்கே என்பதுதான் விடயம். ஒன்றைக் கவனியுங்கள்: பாடியவர் ஆய்வாளர், தாய் அல்ல.

மேலே சொன்ன பிரின்ஸ்டன் ஆய்வில் எலிஸ் பியாட்சா குழுவினரும் ஒரே ஆய்வாளரைத்தான் ஒன்பது முதல் பதினைந்து மாதக் குழந்தைகளோடு விளையாடவும் பாடவும் வாசிக்கவும் வைத்தார்கள். முன்மூளையில் குழந்தையின் ஏற்ற இறக்கம் வளர்ந்தவருடையதைவிடச் சற்று முந்தி வந்தது. குழந்தை எப்போது நிமிர்ந்து பார்க்கும், எந்தப் பொம்மைக்குக் கை நீட்டும் என்பதற்கேற்ப வளர்ந்தவர் தன் பேச்சையும் செயலையும் மாற்றிக்கொண்டிருக்கிறார் என்பதே இதற்குப் பொருத்தமான விளக்கம். மேடையில் சொல்லப்படுகிற "தாயின் மூளை பிள்ளையின் மூளைக்குள் இறங்கும்" என்ற கதைக்கு இது நேர் எதிர்.

வியன்னாவில் டிரின் நுயென், ஸ்டெஃபனி ஹோல் குழுவினர் ஐந்து வயதுப் பிள்ளைகளையும் தாய்மாரையும் டாங்க்ராம் எனும் ஏழு துண்டுப் புதிரைச் சேர்த்துச் செய்யவிட்டார்கள், பிறகு நடுவில் தடுப்பு வைத்துத் தனித்தனியாகச் செய்யவிட்டார்கள். சேர்ந்து செய்தபோது இசைவு கூடியது. அதிலும் ஒருவர் செய்ததற்கு மற்றவர் மறுமொழியாகச் செய்கிற சோடிகளில் இன்னும் கூடியது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பதால் மட்டும் இது வருவதில்லை. இதற்கு டாங்க்ராம் வாங்கத் தேவையில்லை. முருங்கையிலை ஆய்கிறபோது நீங்கள் காம்பைப் பிடிக்க, பிள்ளை இலையை உருவினால் இருவரும் ஒருவருக்கொருவர் தேவைப்படுகிறீர்கள். பிள்ளைக்கு ஒரு தட்டு, உங்களுக்கு ஒரு தட்டு என்று பிரித்துக்கொண்டால் அது தடுப்பு வைத்த வேலைதான்.

அந்த 31 தாய்மார்

சிங்கப்பூரில் 31 தாய்–பிள்ளைச் சோடிகள் சேர்ந்து கார்ட்டூன் பார்த்தபோது எடுத்த எஃப்நிர்ஸ் ஆய்வு 2019இல் வெளிவந்தது. பிள்ளைகளுக்கு வயது மூன்றளவில். பிள்ளை வளர்ப்பின் நெருக்கடி கூடுதலாக உள்ளதாகப் படிவத்தில் சொன்ன தாய்மாரில், முன்மூளையின் ஒரு பகுதியில் இசைவு குறைந்திருந்தது. இந்த ஒரு முடிவை இரண்டு விதமாக வாசிக்கலாம், இரண்டுக்கும் நடுவே பெரிய பள்ளம் இருக்கிறது. ஒரு வாசிப்பு: "தாய்மாரே, ரென்ஷன் ஆகாதீர்கள், பிள்ளையின் மூளை கெட்டுவிடும்." ஏற்கெனவே பாரம் சுமக்கிறவளுக்கு இதைச் சொன்னால் பாரம் கூடும்; அந்த வாசிப்பின் கணக்குப்படியே இசைவு அதனால் இன்னும் குறையத்தான் வேண்டும். மற்ற வாசிப்பு: தாயின் தலையில் எவ்வளவு பாரம் ஏற்றியிருக்கிறது என்பது பிள்ளையோடு அவள் படம் பார்க்கிற அந்தச் சில நிமிடங்களிலும் தெரிகிறது, ஆகவே பாரத்தை இறக்குங்கள். இது தகப்பனுக்கும், மாமியாருக்கும், வேலை கொடுப்பவருக்கும், நுண்கடன் வசூலிக்க வாரந்தோறும் வாசலுக்கு வருகிறவருக்கும் சொல்ல வேண்டிய செய்தி. தாய்க்குச் சொல்ல இதில் ஒன்றும் இல்லை. அந்த ஆய்வு எது காரணம் எது விளைவு என்று நிறுவவில்லை, எந்தப் பிள்ளையும் பின்தங்கியதாகவும் சொல்லவில்லை. இருந்தும் முதல் வாசிப்புத்தான் நம் பக்கம் வந்து சேர்ந்திருக்கிறது. எனக்குப் பொறுக்காதது அதுதான்.

வெளிநாடு போன தாய்மாருக்கு இன்னும் கூர்மையாகக் குத்தக்கூடிய ஓர் ஆய்வும் உண்டு. இஸ்ரேலில் ரூத் ஃபெல்ட்மன் குழுவினர் 2022இல் வெளியிட்டது. 62 தாய்மாரும் பத்து வயது கடந்த அவர்களுடைய பிள்ளைகளும் நேரிலும், வீடியோ அழைப்பிலும் பேசினார்கள். நேரில் இரு மூளைகளுக்கும் இடையே ஒன்பது இணைப்புகள், வீடியோவில் ஒன்றே ஒன்று. இதை எடுத்துக்கொண்டு "ஃபோனில் பேசி என்ன பயன்" என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. ஒப்பிட்டது நேரில் பேசுவதையும் திரையில் பேசுவதையும்; திரையில் பேசுவதையும் ஒன்றுமே பேசாமலிருப்பதையும் அல்ல. வீடியோவில் எது அறுந்துபோகிறது என்று பார்த்தால் செய்யக்கூடியதும் தெரியும். திரையிலுள்ள பிள்ளையின் முகத்தைப் பார்த்தால் கமெரா மேலே இருப்பதால் தாயின் கண் தாழ்ந்தே தெரியும். பாடும்போதும் பெயர் சொல்லிக் கூப்பிடும்போதும் சில செக்கன் கமெராவையே பார்க்கலாம். பெரியவர்களின் பேச்சில் ஒருவர் முடித்து மற்றவர் தொடங்க ஐந்தில் ஒரு செக்கன் அளவே ஆகும். சின்னப்பிள்ளை அதைவிட நெடுநேரம் எடுக்கும், இணையத் தாமதம் அதற்கு மேல். கேட்டுவிட்டு மனதுக்குள் ஐந்து வரை எண்ணிப் பொறுங்கள். இந்தப் பக்கம் ஃபோனைக் கையில் பிடித்துப் பிள்ளையின் முகத்துக்குள் நீட்டாமல், பிள்ளையின் கண் உயரத்தில் எதன்மேலாவது சாய்த்துவைத்து, இரு பக்கமும் ஒரே சாமானைக் கையில் எடுத்து விளையாடலாம். விமான நிலையத்தில் சொல்லித்தர யாருமில்லாத சங்கதிகள் இவை.

கூடக் கூட நல்லதா

இசைவு கூடினால் எல்லாம் சரி என்ற நினைப்புத்தான் இந்தப் பேச்சின் ஆணிவேர். அதை அறுக்கக்கூடிய ஆய்வு, மூளைத் தொப்பிகள் வருவதற்கு முன்பே நடந்துவிட்டது. ஜோசஃப் ஜஃபி, பியாட்ரிஸ் பீபி குழுவினர் 2001இல் வெளியிட்டது. நான்கு மாதக் குழந்தையும் தாயும் குரல் மாற்றிக்கொள்ளும் தாளத்தை நுணுக்கமாக அளந்து, அந்தக் குழந்தைகள் ஒரு வயதாகும்போது தாயோடுள்ள பிணைப்பைப் பார்த்தார்கள். நடுத்தரமாக இசைந்தவர்களிடமே பாதுகாப்பான பிணைப்பு இருந்தது. மிகக் குறைந்த இசைவு போலவே மிகக் கூடிய இசைவும் பாதுகாப்பின்மையோடு சேர்ந்து வந்தது. குழந்தையின் ஒவ்வொரு சிணுங்கலுக்கும் உடனுக்குடன் பின்தொடர்கிற தாளம், பதற்றத்தின் தாளமாகவும் இருக்கலாம். அங்கே அளந்தது குரலை, மூளையை அல்ல. ஆனாலும் மூளை எண்ணைப் பரீட்சைப் புள்ளியாக வாசிக்கிறவர்கள் இதைக் கடந்துபோக முடியாது. குழந்தை உளவியலாளர் எட்வர்ட் ட்ரொனிக்கின் அவதானிப்பும் இதோடு பொருந்தும்: நன்றாக ஒத்துப்போகிற தாயும் குழந்தையும்கூட முகபாவத்தில் ஒன்றியிருப்பது மொத்த நேரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே. மிச்ச நேரமெல்லாம் பிசகுவதும், பிசகியதைச் சரிசெய்வதும். பிள்ளை தலையைத் திருப்பினால் அது ஓய்வெடுக்கிறது. பின்னாலேயே முகத்தைக் கொண்டுபோய் "இங்க பாரு மனே, இங்க பாரு" என்று கைதட்டுவது அந்த ஓய்வைப் பறிக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆய்வுகூடம் எப்போதும் இரண்டு பேரைத்தான் அளக்கிறது, ஏனென்றால் இரண்டு தொப்பிக்குத்தான் கணக்குச் சுலபம். மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் தாய்வழிக் குடிமுறை ஊறியது. வீடு மகளுக்குப் போகும், மருமகன் அங்கே வந்து இருப்பார். அதனால் அம்மம்மாவோ உம்மம்மாவோ, சித்தியோ சாச்சியோ, ஒரே வளவிலோ அடுத்த வேலிக்குள்ளோ இருப்பார்கள். பிள்ளை ஒரு நாளில் எத்தனை மடி மாறுகிறது! லியோங்கின் பாட்டுக்காரியும் பியாட்சாவின் ஆய்வாளரும் குழந்தைகளுக்குப் புதியவர்கள், அப்படியிருந்தும் இசைந்தார்கள். வியன்னா குழு 2021இல் தகப்பன்மாரோடும் புதிர் செய்ய வைத்து அங்கும் இசைவைக் கண்டது. அதே ஆண்டு ஃபெல்ட்மன் குழு செய்த ஆய்வு நம் வீடுகளுக்கு இன்னும் கிட்ட வருகிறது. தாய் உடுத்திய டீ-சேர்ட்டைப் பக்கத்தில் வைத்தபோது, குழந்தைக்கும் அந்நியப் பெண்ணுக்கும் இடையிலான மூளை இசைவு, துவைத்த சட்டை இருந்தபோது கண்டதைவிடக் கூடியது. தாயின் பழைய சேலையில் ஏணை கட்டுகிற நம் வழக்கத்தை யாரும் இப்படி அளந்ததில்லை, ஆகவே அதற்கு அறிவியல் முத்திரை குத்த மாட்டேன். ஆனால் வேலைக்குப் போகிற தாய் உடுத்த சேலையைத் துவைக்காமல் அம்மம்மாவிடம் விட்டுப்போவதில் ஒரு செலவும் இல்லை, ஒரு கெடுதியும் இல்லை.

முன்பள்ளிக் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேசத்தான் வேண்டுமென்றால் ஆசிரியைகளிடம் ஒரு வேண்டுகோள். தாய்மாருக்கு மட்டும் அழைப்பு அனுப்பாமல் பிள்ளையை யார் பகலில் பார்க்கிறார்களோ அவர்களைக் கூப்பிடுங்கள். அது அம்மம்மாவாக இருக்கலாம், மீன்பிடிக்குப் போய் விடிந்தபின் கரைக்கு வருகிற அப்பாவாக இருக்கலாம். மூளைப் படத்தைத் திரையில் காட்டுவதற்குப் பதில், பிள்ளை தொடங்குகிற விளையாட்டை எப்படித் தொடர்வது, கேட்டுவிட்டு எப்படிப் பொறுப்பது என்று ஒரு பிள்ளையோடு உட்கார்ந்து செய்து காட்டுங்கள். பிறகு ஒவ்வொரு தாயிடமும் தனியாக, நாளுக்கு ஒரு மணித்தியாலம் பிள்ளையைப் பொறுப்பெடுக்க வீட்டில் யார் இருக்கிறார் என்று கேளுங்கள். ஒருவருமில்லை என்று சொல்கிற தாயை, அவள் சம்மதித்தால், அந்தப் பகுதி மருத்துவமாதுவிடம் அந்த வாரமே கூட்டிக்கொண்டு போங்கள்.